கரை சேரும்போதுதான் வள்ளம் மறியுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை எங்க குமரி மேற்கு கடற்கரையில விசைப்படகுக்கு தடைக்காலம். ஃபைபர் வள்ளத்துக்கு தடை இல்ல, அதனால ஆனி ஆடியில கடல் பயங்கரமா அடிக்கிற நேரத்துல பெரிய படகெல்லாம் கட்டிக் கெடக்கு, சின்ன வள்ளக்காரங்கதான் வெளிய நிக்கிறாங்க. போகாம இருக்க வேண்டியதுதானேன்னு சொல்றது ஈசி, எஞ்சின் வாங்குன கடனுக்கு வட்டி மழைக்காலத்துலயும் கட்டணும்.

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்"னு எச்சரிக்கை வருது, சரி. முந்தின ராத்திரியே போனவங்க என்ன செய்றது? 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்போ எத்தனையோ பேர் ஏற்கெனவே ஆழ்கடல்ல இருந்தாங்க, அவங்களுக்கு தகவல் சொல்லக்கூட வழி இல்ல.

அதுவாவது புயல். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்துல புயலே இல்லாத நாள்லயும் வள்ளம் மறியுது, அதாவது கவிழுது. குழித்துறை ஆறு கடல்ல சேர்ற எடம் அது, மணல் அடைஞ்சு ஆழம் கொறஞ்சு போகுது, வெளிக்கடல்ல வள்ளத்தை சும்மா தூக்கி இறக்குற அதே அலை அந்த மணல்திட்டு மேல வந்ததும் எந்திரிச்சு உடையுது, அந்த நேரம் பாத்து வள்ளம் கொஞ்சம் குறுக்க திரும்பிட்டா இல்ல எஞ்சின் நின்னுட்டா அவ்ளோதான், பக்கத்துலயே கல்லு. ராத்திரி முழுக்க வலை இழுத்து களைச்சு வர்றவன் வீட்டுக்கு கூப்பிடு தூரத்துல சாகுறான், இதை எப்படிங்க தாங்குறது?

கள்ளக்கடல் இன்னும் மோசம். இங்க காத்தே இருக்காது, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ அடிச்ச புயலோட அலை சில நாள் கழிச்சு இங்க வந்து ஏறும். 2024 மே மாசம் எங்க மாவட்டத்து லெமூர் பீச்ல 5 மருத்துவ மாணவர்கள் செத்தாங்களே, அப்பவும் கடல் நிலையை கணிச்சு சொல்ற ஐதராபாத் இன்காய்ஸ் மையம் முன்னாடியே எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. அதாவது கணிப்பு இருக்கு, அது முகத்துவாரம் வரைக்கும் வந்து சேரல.

அதனால தூர் வார்றத மே மாசத்துக்குள்ள முடிங்க, ஆள் செத்த பிறகு மிஷின் கொண்டு வந்து பிரயோஜனம் இல்ல. சீசன் முழுக்க முகத்துவாரத்துல வயர்லெஸ்ஸோட ஒரு ஆளும் பக்கத்துல ஒரு மீட்புப் படகும் நிக்கணும், "இப்ப உள்ள வராத, குளச்சலுக்கோ முட்டத்துக்கோ போ"ன்னு வெளிய நிக்கிறவங்களுக்கு சொல்றதுக்கு. அப்படி வேற துறைமுகம் போறவங்களுக்கு டீசல், மண்ணெண்ணெய் செலவையும் அரசு குடுக்கணும், இல்லன்னா யாரும் போக மாட்டாங்க.

நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு, லைஃப் ஜாக்கெட் போட்டா வலை இழுக்க முடியாதுங்கறது உண்மைதான், ஆனா முகத்துவாரம் தாண்டுற அந்த பத்து நிமிஷமாவது போடுங்கப்பா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்