பணம் வந்தபிறகும் வியாபாரம் முடிவதில்லை

மேற்கு மாம்பலம், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பாவின் கேமரா லென்ஸை அங்கேயே ஆன்லைனில் விற்று, பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் பணம் வாங்கப் போவதாகச் சொன்னாய். விற்றுவிடு, சும்மா கிடந்து யாருக்கு லாபம்? ஆனால் "பேபால்ல பணம் வந்ததும் அனுப்பிடுவேன், அதோட முடிஞ்சுது" என்றாயே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வங்கியில் கார்டு புகார்களைப் பார்த்தவள் சொல்கிறேன், கேள்.

வாங்கியவர் தன் கார்டு வங்கியிடம் 'பொருள் வரவில்லை', 'சொன்னபடி இல்லை', 'நான் வாங்கவே இல்லை' என்று எதைச் சொன்னாலும் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பக் கேட்பது, கிளம்பும். பணத்தை முதலில் உன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் உன்னிடம் ஆதாரம் கேட்பார்கள். கார்டில் இதற்குப் பெரும்பாலும் 120 நாள் அவகாசம். பேபாலில் புகார் தர 180 நாள். அதுவரை அந்தப் பணத்தில் கைவைக்காதே.

'வரவில்லை' என்பதைச் சமாளிக்கலாம். பேபால் காட்டும் முகவரிக்கே டிராக்கிங்கோடு அனுப்பு. 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவரின் கையெழுத்தும் வேண்டும். பணம் கட்டியபிறகு "அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்க" என்று கேட்டால், பணத்தைத் திருப்பிவிட்டு வேறு ஆளைப் பார். கமிஷன் மிச்சம் என்று, சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் பணம் அனுப்பப் பேபாலில் இருக்கும் 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியில் அனுப்புகிறவரும் வேண்டாம். அதில் விற்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

'சொன்னபடி இல்லை' என்பதுதான் தலைவலி. பேபால் விற்பவருக்குத் தரும் பாதுகாப்பு இதற்கு வராது. அந்த லென்ஸ் நம் வீட்டில் எத்தனை ஐப்பசி மழை பார்த்திருக்கிறது! மெட்ராஸ் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சை படரும். இருந்தால் படத்தோடு விளம்பரத்திலேயே எழுது. விலை குறைந்தால் குறையட்டும், அப்பா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். சீரியல் எண்ணைக் காட்டுவதிலிருந்து பெட்டியை ஒட்டுவதுவரை ஒரே வீடியோவாக எடு. எடை போட்ட ரசீதையும் பத்திரமாக வை. பெட்டியில் கல்தான் இருந்தது என்று சாதிக்கிற ஆட்களும் உண்டு.

இங்கே கொண்டுவந்தால் தானே விற்றுத் தருவதாக உன் மாமா சொல்கிறான். யுபிஐயில் வேறு வம்பு. வாங்கியவர் அனுப்பியது யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்து, இழந்தவர் சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் செய்தால் மாமாவின் கணக்கையே முடக்கிவிடலாம். அவனுக்கு இது புரியாது, நீ பேச்சை வளர்க்காதே.

லென்ஸுக்குள் டார்ச் அடித்து நாலைந்து படம் எடுத்து அனுப்பு. விளம்பரத்தில் என்ன எழுதலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா