அறுபது ராத்தல் பட்டம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு உன் அம்மா பெயரையே வைத்ததில் ரொம்பச் சந்தோஷம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பொடி எழுத்தும் இப்போது தெளிவாகத் தெரிவதால் பகலெல்லாம் படிப்புதான். கல்லூரியில் நாம் அரைகுறையாக விட்ட பைசாந்தியப் பேரரசை, அதாவது கான்ஸ்டான்டினோப்பிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசை, மறுபடி எடுத்திருக்கிறேன்.

அதில் ஒருவர் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். பெயர் க்தேனாஸ். பேரரசர் 6ஆம் லியோ (886–912) காலத்துப் பாதிரியார். நல்ல வசதி, தேவாலயத்தில் பாடுவதில் கெட்டிக்காரர். அவருடைய ஒரே ஆசை புரோட்டோஸ்பதாரியோஸ் ஆவது. 'முதல் வாளேந்தி' என்று பொருள், ஆனால் வாளெடுக்க வேண்டியதில்லை. கழுத்துக்கு ஒரு தங்கப் பட்டை, அரண்மனை மண்டபத்தில் உட்கார ஓர் இடம், வருஷத்துக்கு ஒரு ராத்தல் தங்கம், அதாவது 72 பொற்காசு. இதற்காக 40 ராத்தல் தங்கம் தருகிறேன் என்றார். பாதிரியாருக்கு இந்தப் பட்டமா என்று பேரரசர் மறுத்துவிட்டார். அப்புறம் 10 ராத்தல் பெறுமான காதணிகளைச் சேர்த்தார். தங்க மெருகில் விலங்குகள் புடைத்து நின்ற வெள்ளி மேசை ஒன்று, அது இன்னொரு 10 ராத்தல். பேரரசரின் படுக்கையருகே உறங்கும் பதவியில் இருந்த சமோனாஸும் சிபாரிசு செய்ய, பட்டம் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் இறந்துபோனார். 60 கொடுத்து 2 வாங்கியிருக்கிறார் என்று லியோவின் மகன் 7ஆம் கான்ஸ்டன்டைன் தொகுத்த நூலிலேயே கணக்கு இருக்கிறது. எனக்கு இதை வெறும் நஷ்டமாகப் பார்க்க மனம் வரவில்லை. இருந்ததையெல்லாம் கொடுத்து அந்த மண்டபத்தில் உட்கார ஆசைப்பட்ட மனுஷன்.

நீ கருவூலத்தில் இருந்தவன், அடுத்தது உனக்காகவே. 949இல் இத்தாலியிலிருந்து தூது வந்த லியுட்பிராண்ட், மறுவருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரம் சம்பளப் பட்டுவாடாவைக் கண்ணால் பார்த்தார். பத்து முழ மேசையில் பொற்காசு மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் தொகை எழுதியிருக்கிறது. பேரரசர் கான்ஸ்டன்டைனே எடுத்துக் கொடுக்கிறார். முதலில் வந்தவருக்குக் கையில் இல்லை, தோளில் ஏற்றுகிறார்கள். படைத்தலைவரும் கப்பற்படைத் தலைவரும் தூக்க முடியாமல், ஆள் வைத்து இழுத்துப் போகிறார்கள். மகிஸ்த்ரோஸ் என்ற மிக உயர்ந்த பட்டக்காரர்கள் 24 பேர், ஆளுக்கு 24 ராத்தல். மூன்று நாள் நடந்ததாம்!

ஃபோகாஸ், ஸ்க்லேரோஸ் போன்ற பெரிய குடும்பங்கள் அப்போதும் இருந்தன. ஆனாலும் பணமும் விசுவாசமும் இருந்தால் வெளியாளும் உள்ளே வரலாம். 11ஆம் நூற்றாண்டில் காசில் தங்கம் குறையக் குறைய, பழைய பட்டங்களின் மதிப்பும் இறங்கியது. 1081இல் அலெக்சியோஸ் கொம்னேனோஸ் பேரரசராக வந்ததும் மேல்தட்டுப் பட்டங்கள் சொந்தபந்தத்துக்கே என்றாகிவிட்டது. அண்ணன் ஐசக்குக்காக செபாஸ்டோக்ராட்டோர் என்று புதுப் பட்டமே உண்டாக்கினார். அக்கா தங்கை கணவர்களுக்கும் ஆளுக்கொன்று. ராஜ்ய நிர்வாகத்தை அம்மா அன்னா தலஸ்ஸேனேயிடம் சாசனம் எழுதியே ஒப்படைத்தார். அந்த அரண்மனையில் க்தேனாஸ் வெள்ளி மேசையைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பார், சொல்.

பங்குனியில் வருவதாக எழுதியிருந்தாயே, நாலு நாள் தங்குகிற மாதிரி வா. புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மணி