மானியம் இல்லாத ஊரிலிருந்து

ஆஷ்பர்ட்டன், நியூசிலாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் சித்தியும் நலம்தானே? பண்ணையில் கன்று ஈனும் பருவம். இரவிலும் ஓய்வில்லை, அதனால்தான் கடிதம் தாமதம்.

"அரசாங்கம் கைகொடுக்காமல் அங்கே விவசாயி எப்படிப் பிழைக்கிறான்?" என்று போனில் கேட்டீர்களே, அதற்கு விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கேயும் ஒரு காலத்தில் எல்லாம் இருந்தது. உரத்துக்கு மானியம், ஆட்டுக்கு உத்தரவாத விலை. செம்மறி வளர்ப்பவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசுப் பணம் என்பார்கள். சந்தையில் கேட்பாரில்லாவிட்டாலும் ஆடுகள் பெருகி 1982இல் 7 கோடியைத் தொட்டன. 1984இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் இந்த மானியங்களை ஏறக்குறைய எல்லாமே எடுத்துவிட்டார்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் அப்போது இளைஞர். வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியதையும் நிலத்தின் விலை சரிந்ததையும் சொல்லும்போது இன்றும் அவர் குரல் மாறுகிறது. 8,000 பண்ணைகள் அழியும் என்று பயந்தார்களாம். கடைசியில் கடனுக்காக விற்க நேர்ந்தவை 800 அளவில்தான். அரசுக்குச் சொந்தமாக இருந்த கிராமப்புற வங்கி கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ததும் உதவியது, அதை மறைக்கக் கூடாது. அந்த 800 குடும்பங்களின் வலியும் சின்னதல்ல.

மீதிப் பேர் மாறிக்கொண்டார்கள். இன்று ஆடுகள் 2.5 கோடிக்கும் குறைவு. இந்தக் கான்டர்பரி சமவெளியில் ஆட்டுப் பண்ணைகள் பல பால் பண்ணைகளாகிவிட்டன. (அதனால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியிருக்கிறது. அதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றே நினைக்கிறேன்.) என் முதலாளி பாசன மோட்டாருக்கு முழு மின்கட்டணம் கட்டுகிறார். ஆனால் உலகச் சந்தையில் பாலுக்கு விலை ஏறினால் அந்த லாபமும் அவருக்குத்தான் வருகிறது.

இந்த இடத்தில்தான் உங்களை நினைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இலவச மின்சாரம் உண்டு. சரி. ஆனால் 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்களே, வெளியே நல்ல விலை இருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் நீக்கினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறார்கள் சித்தப்பா. எனக்கு அதுதான் ஆறவில்லை.

மானியத்தை நாளைக்கே நிறுத்தச் சொல்ல மாட்டேன். இரண்டு ஏக்கர்காரரை நடுத்தெருவில் விடுவது நியாயமில்லை. முதலில் விளைந்ததை விரும்பிய இடத்தில், விரும்பிய விலைக்கு விற்கவிடட்டும், இடையில் தடை போடாமல் இருக்கட்டும். மானியப் பேச்சு அப்புறம்.

இந்தப் போகம் கொள்முதல் நிலையத்தில் என்ன விலை கிடைத்தது, எத்தனை நாள் காத்திருந்தீர்கள், வியாபாரி எவ்வளவு கேட்டார், எல்லாம் எழுதுங்கள். பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமரன்