பிரவுனிக்கு வாங்கின எலும்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி பழையபடிதான். வேற விசேஷம் ஒண்ணும் இல்லை.

நீ அனுப்பின போட்டோவில பிரவுனி கட்டில்ல ஏறிப் படுத்துக்கிட்டு ஒரு வெள்ளை எலும்பைக் கடிக்குதே, அதைப் பத்தித்தான் எழுதுறேன். பெருசாக்கிப் பாத்தேன். அது எலும்பே இல்லை. ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட மாட்டுத்தோல். ஒரு முடிச்சு எச்சில்ல ஊறிப் பிரிஞ்சு, வழவழன்னு தொங்குது. லாப்ரடாருக்கு அதையெல்லாம் மெல்லப் பொறுமை கிடையாது, அப்படியே முழுங்கிரும். தோல் லேசுல செரிக்காது. வயித்துக்குள்ள ஊறி உப்பி, குடலை அடைச்சாலும் அடைச்சிரும். மாங்கொட்டையை முழுங்கிட்டு நம்ம வீட்டு நாய் டைகர் பட்ட பாடு உனக்கு மறந்திருக்காது. ராமையன்பட்டி கால்நடை ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில அதை மடியில வச்சிருந்தது நீதான். பத்தாம் கிளாஸ் பிள்ளை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம டாக்டர்கிட்ட எல்லாத்தையும் நிதானமாச் சொன்னே. ஊர் பூராவும் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்பவும் உனக்கு வாயைத் திறந்து சொல்லத் தெரியும்னுதான் நினைக்கேன்.

தோலு வேண்டாம். நிஜ எலும்பு குடுக்கலாமேன்னு நினைச்சிராத. வெந்த எலும்பு கோழியோ ஆடோ, எதுவும் ஆகாது, ஊசி ஊசியா உடையும். பிரியாணி வாங்கினா மிச்ச எலும்பைக் கட்டி வெளிய போட்டுரு. மாட்டுக்குளம்பு எல்லாம் ஆன்லைன்ல விக்கிறான். இமயமலை யாக் மாட்டுப் பால்ல செஞ்ச சுர்ப்பின்னு ஒரு கெட்டிப் பாலாடைக்கட்டியாம், அதுவும் வருது. நம்ம கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட கேட்டேன். கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பாருங்க, லேசாப் பள்ளம் விழணும், விழலைன்னா அது நாய்க்கு ஆகாதுன்னாங்க. மேல்தாடையில ஒரு பெரிய கடவாய்ப்பல்லு இருக்காம். நகம் இறங்காத சாமானைக் கடிச்சா அதுதான் பக்கவாட்டுல பிளக்குமாம். அதனால வாங்கும்போதே அழுத்திப் பாரு.

நாய்க்குத் தேடித் தேடி ஆர்டர் போடத் தெரியுது, அம்மா போனை எடுக்க மட்டும் உனக்கு நேரமில்லை. சரி, அது இருக்கட்டும்.

நடுவுல குழி இருக்கிற கெட்டி ரப்பர் பொம்மை கிடைக்கும், அதை வாங்கு. பெரிய நாய்க்குன்னு கேட்டு வாங்கு, வாய்க்குள்ள முழுசாப் போயிரக் கூடாது. உப்பில்லாத தயிர்சோத்தை அதுல அடைச்சு ஃப்ரீசர்ல வச்சுக் குடு, ஒரு மணி நேரம் நக்கிக்கிட்டுக் கிடக்கும். தாளிச்சுராத, வெங்காயம் நாய்க்கு ஆகாது. பீநட் பட்டர் தடவுறதா இருந்தா டப்பாவில சைலிடால்னு போட்டிருக்கான்னு படிச்சுப் பாரு, சர்க்கரைக்குப் பதிலாப் போடுற இனிப்பு அது. அது நாய்க்கு விஷம்.

ஆனா எதைக் குடுத்தாலும், கடிக்கிற நேரத்துல வீட்டுல ஒரு ஆள் கண்ணு வச்சுக்கிட்டு இருக்கணும். துண்டு சின்னதாயிட்டா ஒரு பிஸ்கட்டைக் காட்டி வாங்கிரணும். நீ ஒன்பது மணிக்குக் கிளம்பினா ராத்திரிதான் வாறே. பகல்ல அங்க யாரு இருக்கா? மாப்பிள்ளைக்கு வீட்டுல இருந்துதானே வேலை? அவர் பாத்துக்கிடுதாரா? நாய்க்காகத்தான் கேக்கேன். பொங்கலுக்கு அப்புறம் அவர் குரலையே நாங்க கேக்கலை. போட்டோவிலயும் ஒரு தலகாணிதான் தெரிஞ்சுது, மத்தது துவைக்கப் போட்டிருப்பே.

விடாம வாந்தி எடுத்தாலோ, தின்னாம முடங்கினாலோ, வெளிக்குப் போக முக்கினாலோ காத்திருக்காத, உடனே டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடு. தனியாத் தூக்க முடியாது, முப்பது கிலோ இருக்கும். யாரையாவது கூப்பிடு.

அப்பா நெல்லை எக்ஸ்பிரஸ்ல எனக்கு மட்டும் டிக்கெட் போட்டிருக்காரு, வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு. நாயைப் பாக்கத்தான் வாரேன், உன்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். நான் வாரதுக்கு முன்னாடி அந்தத் தோலைக் குப்பையில போட்டுரு. பாவம்னு கீழ்வீட்டு நாய்க்குக் குடுத்திராத.

அம்மா