மைதானத்துக்குப் பெயர் தந்தவர்

கண்ணு,

பாரிஸ் டென்னிஸ் மைதானத்தில் எடுத்த போட்டோ வந்தது. "இந்த ரோலண்ட் காரோஸ் எந்த வருஷம் ஜெயித்தவர் அப்பா?" என்று கேட்டிருந்தாய். அவர் டென்னிஸ் வீரரே இல்லையம்மா, விமானி. 1888-இல் ரீயூனியன் தீவில் பிறந்தவர். நம் சனங்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனார்களே, அதே தீவுதான். 1913 செப்டம்பரில் மத்தியதரைக் கடலை எங்கும் நிற்காமல் முதன்முதலாகப் பறந்து கடந்தவர். பிரான்சிலிருந்து துனிசியாவுக்குப் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆனது.

அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வந்துவிட்டது. லேத் முன்னால் முப்பது வருஷம் நின்றவன் நான், எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான். விமானி நேராகப் பார்த்துச் சுட வேண்டுமானால் துப்பாக்கி மூக்குக்கு நேரே இருக்க வேண்டும். ஆனால் அங்கே புரொப்பல்லர் சுற்றுகிறது. சுட்டால் சொந்தப் புரொப்பல்லரையே உடைத்துக்கொள்வான். விமானம் செய்யும் மொரான்-சோல்னியே கம்பெனியின் சோல்னியே, புரொப்பல்லர் இதழ்களில் குண்டு படும் இடத்தில் எஃகு ஆப்பு வைக்க யோசனை சொன்னார். காரோஸும் அவருடைய மெக்கானிக் ழூல் யூவும் அதைச் சீர்செய்தார்கள். பெரும்பாலான குண்டுகள் இடைவெளியில் போய்விடும். ஒன்றிரண்டு ஆப்பில் பட்டுச் சிதறும். ஒவ்வோர் அடியும் இன்ஜின் வரை அதிரும். அதைத் தெரிந்தே 1915 ஏப்ரல் 1 அன்று ஏறிப் போய் ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். அந்த மாதத்திலேயே இன்னும் இரண்டு.

ஏப்ரல் 18 அன்று, ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்தில் தரையிறங்க நேர்ந்தது. விமானத்துக்குத் தீ வைத்தார், முழுதாக எரியவில்லை. அதைப் பார்த்த பிறகு, ஜெர்மானியருக்கு விமானம் செய்த ஃபோக்கர் பட்டறை ஆப்பே இல்லாத ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: இதழ் எதிரே வரும்போது குண்டு போகாதபடி, இன்ஜினோடு சுற்றும் கேம் என்ற மேடுள்ள சக்கரம் துப்பாக்கியை இயக்கும். அந்தக் கோடையிலிருந்து பல மாதம் வானம் ஜெர்மானியர் கையில் இருந்தது. சிறையில் இதைக் கேள்விப்பட்டிருந்தால் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகச் சிறை. கிட்டப்பார்வை வந்துவிட்டது. 1918 பிப்ரவரியில், மார்ஷல் என்ற சக விமானியோடு ஜெர்மன் அதிகாரி வேஷம் போட்டு வெளியே நடந்துவிட்டார்கள்.

அப்புறம் வீட்டில் இருந்திருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போர்முனை வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. அவர் விட்டுப்போன மொரான் விமானம் மணிக்கு 120 கிலோமீட்டர்போல ஓடும். திரும்பி வந்தபோது இருந்த ஸ்பாட் என்ற புது விமானம் 200-ஐத் தாண்டும். கடலையே கடந்தவர், மங்கிய கண்ணோடு, புதிதாகச் சேர்ந்த பையன் மாதிரி மறுபடி பறக்கப் பழகினார். சுட்டு வீழ்த்திய கணக்கைவிட எனக்கு இதுதான் பெரிது.

அக்டோபர் 5 அன்று பிரான்சின் வூசியே ஊர்ப்பக்கம் சண்டையில் விழுந்தார். மறுநாள் அவருக்கு முப்பது வயது முடிந்திருக்கும். 37 நாளில் போரே நின்றுவிட்டது.

அந்த மைதானம் 1928-இல் கட்டியது. அவரோடு படித்த நண்பர் எமில் லெஸ்யேர் பிடிவாதமாக நின்று இந்தப் பெயரை வைக்கச் செய்தார்.

கல்லறை வூசியேயில்தான் இருக்கிறது. லீவு கிடைத்தால் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா. எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா