மாம்பழச்சிட்டு கூடு கட்டுற மாசங்கள்ல மரக்கிளை வெட்டுறத நிறுத்தக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.

கலெக்டர் ஐயாவுக்கு வணக்கம். அழகர்கோவில் ரோட்டோர கிராமத்து ஆளுங்க சேர்ந்து இந்த மனுவ எழுதுறோம்.

எங்க தோப்பு, புளியமரம், வேப்பமரம்னு எல்லாத்துலயும் மாம்பழச்சிட்டு இருக்குங்க, மஞ்சள் வயிறு, கருப்பு றெக்கையில ரெண்டு வெள்ளைக் கோடு, இலைக்குள்ளயே திரியுறதால பாதிப்பேரு பாத்திருக்க மாட்டாங்க, ஆனா அந்த நீள விசில் சத்தத்த கேக்காதவங்க இருக்க முடியாது. ஆசியாவ விட்டா வேற எங்கயுமே இல்லாத குடும்பம் இது, மொத்தமே 4 இனம்தான். ஒண்ணு நம்ம ஊரு சிட்டு, அது இந்தியாவுல இருந்து இந்தோனேசியா வரைக்கும் இருக்கு. வெள்ளை வால் உள்ள இனம் வடமேற்கு இந்தியாவோட வறண்ட காட்டுப் பக்கம், மத்த ரெண்டும் தென்கிழக்கு ஆசியா.

தோப்புக்காரங்களுக்கு இது ரொம்ப வேண்டிய குருவி ஐயா, இலைக்கு அடியில தொங்கி தொங்கி புழுவையும் பூச்சியையும் பொறுக்கித் திங்கும். இனப்பெருக்க காலத்துல ஆண் குருவி மேல பறந்து முதுகுப் பக்கத்து இறகெல்லாம் உப்ப வச்சு பஞ்சு உருண்டை மாதிரி சுத்திக்கிட்டே கீழ எறங்கும், அத ஒரு தடவ பாத்தா நீங்களே வெட்ட விட மாட்டீங்க.

பிரச்சனை என்னன்னா, அது கூடு கட்டுறது பெரும்பாலும் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், நம்ம பக்கம் ரோட்டோர மரத்த கழிக்கிறதும் மழைக்கு முன்னாடி அதே சமயத்துலதான். கூடுன்னா சின்ன கிண்ணம்தான், புல்லையும் நாரையும் சிலந்தி வலையால ஒட்டி கிளைக் கவட்டையில வச்சிருக்கும், ஆணும் பொண்ணும் மாறி மாறி அடைகாக்கும், கீழ நின்னு பாத்தா கிளை முடிச்சுன்னுதான் தோணும். அதனால வெட்டுறவங்கள குத்தம் சொல்ல வரல, அவங்களுக்கு யாரும் சொல்லித் தரலங்கிறதுதான் எங்க வருத்தம். போன மழைக்கு முன்னாடி வெட்டிப்போட்ட கிளைக் குவியல்ல முட்டையோட கூடு கெடந்துச்சு, யாரு அனுப்பின ஆளுங்கன்னு பேச இப்ப விரும்பல.

நாங்க கேக்குறது இதுதான். ஆபத்தான கிளைய தவிர மத்தத அக்டோபர் வரைக்கும் தொட வேண்டாம்னு எல்லா துறைக்கும் உத்தரவு போடுங்க. கட்டாயம் வெட்டணும்னா மொத நாள் கூடு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பாத்துச் சொல்ல எங்க ஊரு பசங்க காசு வாங்காம வருவாங்க. அரிட்டாபட்டிய 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சுச்சு, அந்த அக்கறை ரோட்டோர மரத்துக்கும் வரணும் ஐயா.

எடுத்த நடவடிக்கைய எழுத்துல தெரியப்படுத்தணும்னு கேட்டுக்கிறோம்.

இப்படிக்கு,
ஊர் பொதுமக்கள்