எலும்புக்கரி உலையில் பூக்கும் வெள்ளை உப்பு

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. எலும்பைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கும் உன் உலையின் ஆவிக் குழாயில் வெள்ளையாகப் பூத்து அடைக்கிறதே, சுண்ணாம்பா என்று கேட்டிருந்தாய். சுண்ணாம்பு இல்லை, எட்ட நின்றாலே அமோனியா நெடி அடிக்குமே. எலும்பின் புரதமான கொலாஜன் சூட்டில் சிதையும்போது அமோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீராவி மூன்றும் வெளிவரும். குழாய் குளிர்ந்த இடத்தில் அவை கூடி அமோனியம் கார்பனேட்டாக உறைந்துவிடும். உலை ஆறிய பிறகு வெந்நீர் விட்டால் கரைந்துவிடும். அடைப்போடு மட்டும் ஓட்டாதே, கலனில் அழுத்தம் ஏறிவிடும். பித்தளை வால்வையும் கழற்றிப் போடு. அமோனியா அதை அரித்துத் தின்றுவிடும். இரும்போ துருப்பிடிக்காத எஃகோ போதும்.

ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் வடிக்கும் ஆசையை விட்டுவிடு. புரதத்திலிருந்து வரும் எண்ணெயில் நைட்ரஜன் அதிகம். வேதியியலாளர் தாமஸ் ஆண்டர்சன் பிரிடின் என்ற நைட்ரஜன் சேர்மத்தைக் கண்டெடுத்ததே எலும்பெண்ணெயில்தான். வைத்திருந்தால் கெட்டியாகும், எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள், நாற்றமோ சொல்லி மாளாது. ஆவிக் குழாயைக் குட்டையாக்கி, வெப்பக்காப்புப் போர்த்தி, 850 டிகிரியில் இருக்கும் எரியறைக்கு நேரே விடு. ஆவி குறைந்தது 2 விநாடி அங்கே தங்கட்டும். அந்தச் சூட்டை எலும்பு உலர்த்தத் திருப்பிக்கொள்ளலாம். கசிவை லேசாக எண்ணாதே: கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, கொஞ்சம் ஹைட்ரஜன் சயனைடும் கூட வரும்.

காசு கரியில்தான். எலும்பை 2–3 செ.மீ. துண்டாக உடைத்து, கொதிக்கவைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டு, ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காயவை. பிறகு காற்றுப் புகாமல் 500 டிகிரியை ஒட்டி ஒன்றிரண்டு மணி நேரம். மூடியபடியே ஆறவிடு, சூடாகத் திறந்தால் கரி தானே பற்றிக்கொள்ளும். ஒரு துண்டை உடைத்துப் பார். நடுவில் பழுப்பென்றால் வேகவில்லை, வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது, உள்ளும் புறமும் கறுப்பென்றால் சரி. நீரில் ஊறவைத்து மஞ்சள் இறங்கினாலும் இன்னும் வேக வேண்டும் என்றே பொருள். ஆனால் 700, 800 என்று ஏற்றிவிடாதே. எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட் படிகம் இறுகி, நீரிலுள்ள ஃப்ளூரைடைப் பிடிக்கும் திறன் குறைந்துபோகும்.

நீர் வடிகட்டிக்குக் கரிக் குருணை, மண்ணுக்கு உரமாகத் தூள். அமில மண்ணில் பாஸ்பரஸ் மெல்லக் கரையும். கார மண்ணில் போடுவது வீண்.

இறகைக் கலக்கலாமா என்றாய். வேண்டாம், இறகின் புரதமான கெரட்டினின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வரும். குரோமியத்தில் பதப்படுத்திய தோல் சீவலை அண்டவே விடாதே. குரோமியம் கரியிலேயே தங்கிவிடும், பிறகு அதை மண்ணில் போட முடியாது.

கலனின் கொள்ளளவையும் குழாயின் விட்டத்தையும் எழுது. எரியறைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்